காற்றுப் புகுந்த குழாய்

இலக்கணம் எழுதும் இடத்தில் இன்று இயந்திரத்தைப் பற்றி எழுதுகிறேன், பொறுத்தருள்க.

எங்கள் வீட்டில் 1993-ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று உண்டு. 2.4 லிட்டர் டீசல் இயந்திரம். அப்பா மளிகைச் சரக்கு ஏற்றி இறக்கிய வண்டி. சென்ற ஆண்டு பக்கவாதத்தால் அவருடைய வலக்கை செயலிழந்தபின் அது என் பொறுப்பாயிற்று. அதுவரை டயருக்குக் காற்றடித்ததோடு என் வண்டி அறிவு முடிந்துவிடும். சில வாரங்களாகக் காலையில் கிளம்ப அடம்பிடித்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். டீசல் பம்பையே மாற்றவேண்டும், 1,800 வெள்ளி ஆகும் என்றார்கள். விற்றுவிடலாம் என்று முடிவுசெய்து, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்குமாறு ஒருவரிடம் சொல்லியும்விட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல். அரிசி மூட்டைகளோடு திரும்புகையில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் (பிட் தெரு என்றால்தான் பெரியவர்களுக்கு விளங்கும்) வண்டி நின்றுபோயிற்று. 1801-இல் காதர் மொகிதீன் நிறுவிய பள்ளிவாசலுக்கு மக்கள் ஜும்ஆத் தொழுகைக்காகத் திரண்டுகொண்டிருந்த நேரம். பின்னால் ஹாரன் ஒலி. தொழுகைக்கு வந்த நால்வர் வண்டியைத் தள்ளி ஓரம் சேர்த்தனர்.

அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"தரையில் டீசல் சொட்டுகிறதா?"

"இல்லை அப்பா."

"அப்படியானால் காற்றுதான்."

தொட்டியிலிருந்து வடிகட்டி வழியாகப் பம்பு டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது; காற்றுதான் உள்ளே போகும். இன்ஜெக்டர் திறப்பதற்கு நூறு வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும். காற்றோ அமுங்கிக்கொடுக்கும், அழுத்தம் ஏறாது. அதனால்தான் நல்ல பம்பும் கெட்டதுபோல் நடிக்கிறது. இதை விளக்க அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டறையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வடிகட்டிக்கு வரும் ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தேன். கவ்வியின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. அந்த ஓர் அங்குலத்தை அறுத்தெறிந்து, மிஞ்சியதை இழுத்து மாட்டினேன். வடிகட்டித் தலையிலுள்ள கைப்பம்பை, அது இறுகும்வரை அழுத்தினேன். இருக்கைக்கடியில் அப்பாவின் சாக்குப்பை இருந்தது. அதிலிருந்த 17-ஆம் எண் ஸ்பானரால் இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளைச் சற்றே தளர்த்தினேன். "முகத்தைத் தள்ளி வை, துணி போடு" என்று மூன்று முறை எச்சரித்தார். தொழுகை முடித்து வந்த பெரியவர் ஒருவர் எனக்காகச் சாவியைத் திருப்பினார். முதலில் நுரை, பிறகு குமிழில்லாத டீசல். இறுக்கினேன். கருப்புப் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி உயிர்பெற்றது. பெரியவர் கைதட்டினார், எனக்குக் கண்கள் கலங்கின. புகைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிற்கு வந்ததும் அப்பா அறுத்த துண்டைக் கேட்டார். "அங்கேயே போட்டுவிட்டேன்" என்றேன். முகம் சுண்டிவிட்டது. மறுநாள் குழாய் முழுவதையும் மாற்றினேன்; 15 வெள்ளி. இம்முறை பழையதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடக்கையால் நெடுநேரம் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பிப் போகும் குழாயும் இதே வயதுதான்" என்றார்.

ஞாயிறன்று வரவிருந்தவரை அழைத்து, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.