வண்டிதானே, நகர்த்திக்கோங்க

பவர் டில்லருக்குப் பின்னால் மாட்டுகிற பழைய டிரெய்லர் ஒன்று, விழுப்புரம் பக்கம் நாங்கள் வேலை செய்யும் ஒரு கிராமத்தின் காலனி முனையில் டயர் இறங்கிக் கிடந்தது. டில்லர் எப்போதோ கடனுக்குப் போய்விட்டது. டிரெய்லரைக் கடையாக்கலாம் என்று சொன்னவர், வீட்டிலேயே இட்லி, தோசை போட்டு விற்றுவந்த அக்காதான். "இங்கயே எத்தினி நாளைக்கு நமக்கு நாமே வித்துக்கறது?" என்று கேட்டார்.

வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் படித்ததை அக்கா ஒரு வரியில் கேட்டுவிட்டார். காலனியில் எல்லோரும் கூலி வேலை. சனிக்கிழமை கூலி கைக்கு வந்தால் இட்லி விற்கும். செவ்வாய்க்கிழமை கடன் நோட்டுதான் நிறையும். காசு புழங்குவது ஊர்த்தெருவிலும் தார்ச்சாலையிலும். ஊர்த்தெருக்காரர்கள் பலகாரம் வாங்கக் காலனிக்குள் வரப்போவதில்லை. அப்படியானால் கடைதான் போக வேண்டும்.

மகளிர் குழுக் கடனும் நாங்கள் திரட்டியதுமாக 26,000 ரூபாயில் வேலை முடிந்தது. துருப்பிடித்த அடித்தகட்டை அறுத்தெடுத்துவிட்டுப் பலகை போட்டோம். பாரம் பாதியாகக் குறைந்தது. பின்கதவைக் கீல் மாற்றிப் பக்கவாட்டில் பொருத்தினோம், இறக்கினால் அதுவே பரிமாறும் மேசை. ஸ்கொயர் பைப்பில் நாலு கால், மேலே தகரம். ஓர் அச்சு வண்டி நின்ற இடத்தில் முன்னும் பின்னும் சாயும். கொதிக்கும் இட்லிக் குண்டான் இருக்கும் வண்டி சாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் நான்கு மூலையிலும் இறக்கி நிறுத்தும் கால்கள் வைத்தார் பட்டறைக்காரர். அடுப்பு நேராக அச்சுக்கு மேலே, சிலிண்டர் அடுப்பிலிருந்து தள்ளி வெளிப்பக்கம். மோட்டார் வாகனச் சட்டம், 1988, டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே வரையறுக்கிறது. வண்டியின் பின்னால் கட்டி இழுத்தால் பதிவு, மாற்றத்துக்கு அனுமதி என்று அலைய வேண்டும். கொக்கியை அறுத்துவிட்டுக் கைப்பிடி வைத்தோம். இரண்டு பேர் தள்ளினால் போகும்.

சண்டை வந்தது வண்டியால் அல்ல, ஒரு தாளால். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தோம்.  அந்தச் சான்றிதழைப் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். அதில் முகவரி இருக்கும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், வரவேற்கிறோம். ஆனால் 'அம்பேத்கர் நகர்' என்று எழுதினாலும் படிக்கிறவனுக்குப் புரிந்துவிடுகிறதே! டவுனில் இருக்கும் உறவினர் முகவரி கொடுக்கலாம் என்றார் ஒரு கல்லூரித் தம்பி. வண்டிக்கு நீலம் அடித்து அண்ணல் படத்தையும் மாட்டுவோம் என்றார் இன்னொருவர். இரவு பத்து மணிவரை பேசினோம். அக்கா கடைசியில், "நீலம் அடிக்கிறதா வேணாமான்னு நீங்க பேசி முடிங்க தம்பி. முகவரிய மட்டும் மாத்தாதீங்க. நாளைக்கு எவனாச்சும் கேட்டா நான் பொய்யில்ல மாட்டிக்குவேன்" என்றார். வண்டி இன்றுவரை சிவப்புப் பிரைமரில்தான் இருக்கிறது.

கிராமத்துக் கூட்டுரோட்டில் நிறுத்தினோம். பள்ளிப் பிள்ளைகளும் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் ஒருவர் சான்றிதழைப் படித்தார், கையிலிருந்த தட்டை வைத்தார், காசு கொடுத்துவிட்டுப் போனார். 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் சத்துணவுச் சமையலர் பாப்பாளைச் சமைக்க விடாமல் தடுத்தது நினைவிருக்கும். அது கூட்டமாக வந்து தடுத்தது, வழக்கானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தம், பொருளாதாரப் புறக்கணிப்பைத் திணிப்பதையும் அப்படி மிரட்டுவதையும் குற்றம் என்கிறது. ஒருவர் சத்தமில்லாமல் தட்டை வைத்துவிட்டுப் போவதை எந்தப் பிரிவில் எழுதுவது?

இரண்டாவது வாரம் ஊர்த்தெருவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. "இங்க இடைஞ்சலா இருக்கு. சக்கரம் இருக்குல்ல, வண்டிதானே, நகர்த்திக்கோங்க" என்றார்கள். பக்கத்திலேயே ரோட்டை மறித்துப் பந்தல் போட்டிருந்த டீக்கடைக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றுதானே சக்கரத்தை விரும்பினோம்? எங்கேயும் நிற்காதே என்று சொல்லவும் அதே சக்கரம்தான் அவர்களுக்கு உதவுகிறது.

தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014, இதற்கு உதவுமா என்று பார்த்தோம். அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்குத்தான். கிராம ஊராட்சிக்கு இல்லை. யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. சாதி கெட்டியாக இருக்கும் இடத்தில் சட்டம் இல்லை! ஆனால் பேரூராட்சி எல்லை கூட்டுரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். அங்கே கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் தரும்வரை எந்த வியாபாரியையும் அகற்றக் கூடாது என்கிறது பிரிவு 3. விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் பேரூராட்சியில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தகவல் உரிமை மனு போட்டுப் பாருங்கள் தோழர்களே.

வண்டி இப்போது பேரூராட்சி எல்லைக்குள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. கூட்டுரோட்டில் நடந்ததுக்குப் புகார் கொடுப்பதா என்பதை அக்கா இன்னும் முடிவு செய்யவில்லை. அவருடைய மகன் ஊர்த்தெருக்காரர் ஒருவரின் நெல் அறுக்கும் வண்டியில் டிரைவர். விற்பனைச் சான்றிதழுக்கு மனு கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முகவரி இருக்கும் அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே அக்கா ஒட்டிவைத்திருக்கிறார்.