முக்கால் டம்ளர்

எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்தால் காபி கொடுப்போம். ஆனால் டம்ளரில் முக்கால்வாசிதான் இருக்கும். கஞ்சத்தனம் என்று தயவு செய்து நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ள நான் வங்காள விரிகுடாவில் சுமார் 1,200 கிலோமீட்டர் கப்பலில் போக வேண்டியிருந்தது.

என் அப்பாவிடம் மூன்று விசித்திரமான பழக்கங்கள் இருந்தன. முதலாவது, எதையும் விளிம்பு வரை ஊற்றமாட்டார். காபியோ, தண்ணீரோ, ரசமோ, முக்கால் பங்குதான். விருந்தாளிக்கும் அதே அளவு. "வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். இரண்டாவது, நின்று பேசும்போது ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பார். ஜன்னல் கம்பி, கதவு நிலை, பீரோ. ஒன்றும் அகப்படாவிட்டால் என் தோள். மூன்றாவதுதான் பெரிய வேடிக்கை. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போது காலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி வைப்பார். பழைய காலத்து வீடு என்றால் வாசற்படி இருக்கும், சரி. நாங்கள் இருப்பதோ அடுக்குமாடிக் கட்டடம். தரை முழுவதும் ஒரே மட்டம். இல்லாத படியை அவர் ஆயுள் முழுவதும் தாண்டிக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் படித்த நாட்களில் சிநேகிதர்களை வீட்டுக்கு அழைத்து வந்து, அப்பா நடப்பதைப்போல் நடந்து காட்டுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு நாள் திரும்பிப் பார்த்தால், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அப்பா நிற்கிறார்! அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்று வரை எனக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

அப்பா 1981 முதல் 1986 வரை சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே ஓடிய பயணிகள் கப்பலில் வேலை பார்த்தவர். இது எங்களுக்குத் தெரியும். ஆனால் அதைப்பற்றி அவர் பேசியதும் இல்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. அவர் பெண் பார்க்க வந்தபோது என் தாத்தா, "தண்ணீரில் மிதக்கிறவனுக்குப் பெண் கிடையாது. கரையில் வேலை தேடிக்கொண்டு வந்தால் யோசிக்கலாம்" என்று சொல்லிவிட்டாராம். அப்பா கப்பலை விட்டு இறங்கி, ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுத உட்கார்ந்தார். அங்கிருந்து எழுந்தது 60 வயதுக்குப் பிறகுதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு காலமானார்.

என் அக்கா, கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு போர்ட் பிளேரில் இருக்கிறாள். 2024-ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்கு எந்தப் பெயரும் வேண்டாம். அவளுக்கு அது 'அந்தமான்'தான். அக்காவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று விமான டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்யப் போனேன்.

"கப்பலில்தான் வருவேன்" என்றாள் அம்மா.

"விமானத்தில் இரண்டே கால் மணி நேரம், அம்மா. கப்பலில் இரண்டரை நாள்!"

"இருக்கட்டும்டா. உங்கப்பா போன வழியில் நானும் ஒரு தடவை போய்ப் பார்க்கணும்."

அதற்குமேல் என்ன பேசுவது? ஆசிரியரிடம் லீவு கேட்டேன். திரும்பி வந்ததும் கட்டுரை ஒன்று எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் கிடைத்தது. ஆக, நீங்கள் இதைப் படிப்பதற்கு அவரும் ஒரு விதத்தில் பொறுப்பாளி.

மாசி மாதம். வடகிழக்குப் பருவக்காற்றின் ஆர்ப்பாட்டமெல்லாம் ஓய்ந்து, கடல் நல்ல பிள்ளையாக இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் மூட்டையும் முடிச்சுமாக ஜனங்கள் ஏறினார்கள். ஒரு காலத்தில் விலங்கு மாட்டிய கைதிகளைக் கொண்டுபோன கடல்வழி இது. 'காலாபானி' என்ற பெயரே வயிற்றைக் கலக்கியது. 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் சிறை இன்று நினைவுச் சின்னமாகிவிட்டது. இப்போது அதே வழியில் ஊறுகாய் ஜாடியுடனும் குழந்தைக்கு வாங்கிய மூன்று சக்கர சைக்கிளுடனும் போகிறார்கள். பல குரல்கள் தமிழில்தான் ஒலித்தன.

எங்கள் அறைக்குள் நுழையும்போது நான் தடுக்கி விழப் பார்த்தேன். வாசலில் இரும்புப் படி ஒன்று ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. கடல்நீர் தளத்தில் ஏறினால் உள்ளே வராமல் தடுக்கக் கப்பலில் இப்படி வைக்கிறார்கள். பின்னால் வந்த அம்மா அந்தப் படியைப் பார்த்தாள். காலைத் தூக்கி வைத்து உள்ளே வந்தாள். பிறகு திரும்பி, மறுபடியும் அதைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

சாயங்காலம் கைபேசியில் சிக்னல் போய்விட்டது. ராத்திரி எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, 'ஆடுகிறோம்' என்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண், 'இல்லவே இல்லை' என்று சாதிக்கிறது. இருவருக்கும் நடக்கும் வழக்கில் அபராதம் கட்டுவது என்னவோ வயிறு! மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்தால் குணமாகும் என்று பக்கத்து அறைக்காரர் சொன்னார். விடிந்ததும் போனேன். கடல் மட்டத்திலிருந்து 15 மீட்டர் உயரத்தில் நின்றால் சுமார் 14 கிலோமீட்டர் தூரத்தில் வானமும் நீரும் தொடுவது தெரியும். அந்த ஒரே கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணும் காதும் ராஜியாகிவிட்டன.

தேநீர் வந்தது. எனக்கும் அம்மாவுக்கும் கோப்பையில் முக்கால் அளவு.

"நிறைய ஊற்றக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் மீதி உங்கள் சட்டையில் இருக்கும், சார்" என்றார் கொண்டுவந்தவர்.

அம்மா அந்தக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே இருந்தாள்.

கம்பியைப் பிடிக்காமல் நான் தள்ளாடி நடப்பதைப் பார்த்த வயதான மாலுமி ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு. வேலை செய்ய ஒரு கை. விழாமலிருக்க ஒரு கை. எங்களுக்கு முதல் பாடமே இதுதான்" என்றார். அப்பாவின் பெயரைச் சொல்லித் தெரியுமா என்று விசாரித்தேன். தெரியாது என்றார். கதையாக இருந்தால் தெரிந்திருக்கும், இது நடந்ததாயிற்றே!

இரண்டாம் நாள் இரவு மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தோம். கப்பல் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர்தான் போய்க்கொண்டிருந்தது. சைக்கிளை வேகமாக மிதித்தால் போகிற வேகம். எங்கும் ஒரு விளக்கு இல்லை. சென்னையில் பார்த்தே இராத அத்தனை நட்சத்திரங்கள். கையில் கைபேசி இல்லாததால் நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகோ!

"இவ்வளவையுமா விட்டுட்டு வந்தார்?" என்றாள் அம்மா திடீரென்று. "எங்கப்பா சொன்ன ஒரு வார்த்தைக்காகவா? எங்கிட்ட ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொல்லலையேடா. நான் என்னவோ, ஏதோ கூலி வேலையை விட்டுட்டு நல்ல வேலைக்கு வந்தார்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். டம்ளர் நிறைய ஊத்தத் தெரியலைன்னு அவர்கூட எத்தனை சண்டை போட்டிருக்கேன்!"

அப்பா கடலை நினைத்து ஏங்கினாரா, இல்லையா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லக்கூடிய ஒரே மனிதர் இல்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மற்றொரு கையால் கப்பலின் கம்பியைப் பிடித்திருந்தேன் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் சூரியன் எங்களைச் சீக்கிரமே எழுப்பிவிட்டான். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் தீர்க்கரேகையில் பன்னிரண்டரை பாகை வித்தியாசம். பாகைக்கு 4 நிமிஷம். நாட்டுக்கெல்லாம் ஒரே நேரமாதலால் கடிகாரம் மாறுவதில்லை. சூரியன் மட்டும் அங்கே ஏறக்குறைய 50 நிமிஷம் முன்னதாக வந்துவிடுகிறான். பச்சைப் பசேலென்ற தீவுகள் தெரிந்தன. அம்மாவின் முகம் தெளிந்திருந்தது.

"ராத்திரி பூரா யோசிச்சேன்டா" என்றாள். "அவர் கப்பலை விடலை. வீட்டுக்குள்ளேயே ஓட்டிக்கிட்டிருந்திருக்கார். நாமதான் கவனிக்கலை."

பிறகு கலகலவென்று சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்ததை நான் பார்த்ததில்லை.

அக்கா வீட்டில் பதினைந்து நாள் இருந்துவிட்டுக் கப்பலிலேயே திரும்பினோம். இப்போது எங்கள் வீட்டில் சில புதிய பழக்கங்கள் வந்திருக்கின்றன. ராத்திரி எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை எல்லாக் கைபேசிகளும் பீரோவுக்குள் போய்விடும். 'சிக்னல் போய்விட்டது' என்று அதற்குப் பெயர். முதல் வாரம் எனக்குக் கைகால் ஓடவில்லை. இப்போது அந்த ஒரு மணிக்காகவே சீக்கிரம் வீடு திரும்புகிறேன். காபி கலப்பது அம்மாவின் இலாகா. யார் வந்தாலும் முக்கால் டம்ளர்தான்.

"ஏன் பாட்டி டம்ளர் நிறையலை?" என்று என் ஐந்து வயதுப் பெண் போன வாரம் கேட்டாள்.

"அதுவா? உங்க தாத்தா கப்பலில் இருந்தார் தெரியுமா?" என்று அம்மா ஆரம்பித்தாள். அன்று அடுப்பில் குழம்பு தீய்ந்துவிட்டது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருக்கக்கூடும். செருப்பை எப்போதும் வாசலைப் பார்த்து விடுகிறவர். சாப்பாட்டுத் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர். கடிதத்தின் உறையைக்கூட எறியாமல் சேர்த்து வைக்கிறவர். சிரிப்பாகத்தான் இருக்கும். சிரியுங்கள், பாதகமில்லை. ஆனால் சிரித்து முடித்ததும், 'இது எங்கிருந்து வந்தது?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் எதிரே இருக்கும்போதே கேளுங்கள்.

நான் கேட்கவில்லை.