தாஹா ஹுஸைனுக்கு வாசித்துக் காட்டியவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

எகிப்து என்றால் யார் ஞாபகம் வருகிறார் என்று போன வாரம் தரம் 10 பிள்ளைகளிடம் கேட்டேன். பின்வாங்கில் இருந்து வந்த முதல் பதில் முஹம்மத் ஸலாஹ். அடுத்தது பிர்அவ்ன். மூன்றாவதாக ஒரு பிள்ளை காரீ அப்துல் பாஸித் என்றாள். மூன்றும் சரிதான். தாஹா ஹுஸைன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. எங்கள் ஊரில் பெரியவர்களுக்கே அந்தப் பெயர் தெரியாது. ஆனால் இந்த மாதம் எங்கள் ஊரில் அவரைப் பற்றிப் பேச ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1889இல் மேல் எகிப்தின் மின்யா மாகாணத்தில், மகாகா என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் அவர். வாப்பாவுக்குச் சீனிக் கம்பனியில் சிறிய உத்தியோகம். பதின்மூன்று பிள்ளைகளில் இவர் ஏழாவது. சின்ன வயதில் கண்நோய் வந்தது. வைத்தியரிடம் கொண்டு போகவில்லை. ஊர் நாவிதர் வந்து தனக்குத் தெரிந்த வைத்தியம் பார்த்தார். இரண்டு கண்ணும் போய்விட்டது.

தன் சிறுபராயத்தை 'அல்-அய்யாம்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். 'அந்த நாட்கள்' என்று வைத்துக்கொள்வோம். 1929இல் முதல் பாகம் நூலாக வந்தது. எங்கேயும் 'நான்' என்று எழுதமாட்டார். 'அந்தப் பையன்' என்றே எழுதிக்கொண்டு போவார். அதில் ஒரு இடம். குடும்பமாக இருந்து சாப்பிடுகிறார்கள். எங்கள் வீடுகளில் சஹனைச் சுற்றி இருப்பது போலத்தான். இரண்டு கையாலும் எடுத்துச் சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்று பையனுக்கு ஒரு யோசனை. அப்படியே செய்கிறான். காக்காமார் சிரித்துவிட்டார்கள். உம்மா அழுதுவிட்டார். வாப்பா மட்டும் கோபமில்லாமல், இப்படி இல்லை மகனே என்று மெல்லச் சொன்னார்.

அன்றோடு அந்தப் பிள்ளை மற்றவர்களுக்கு முன் சாப்பிடுவதை விட்டுவிட்டான். கரண்டியால் சாப்பிட வேண்டிய எதையும், சோற்றையும் சூப்பையும்கூட, இருபத்தைந்து வயது வரை தொடவில்லை. சிரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அது ஒரு நிமிடத்துச் சிரிப்பு. இவனுக்கு இருபது வருடம்.

ஆசிரியர்களாகிய நாங்கள் அந்தப் பக்கத்தை வருடத்துக்கு ஒரு தடவையாவது வாசிக்க வேண்டும்.

இன்னொரு இடத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், நெஞ்சும் அடைக்கும். ஒன்பது வயது ஆகும் முன்னே பையன் குர்ஆனை மனனம் செய்துவிட்டான். வீட்டில் அவனைச் 'ஷெய்க்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பிறகு ஓதிக்கொடுத்தவரும் கவனிக்கவில்லை, இவனும் மீட்டவில்லை, மறந்து போனது. ஒருநாள் வாப்பா, ஆட்களை வைத்துக்கொண்டு, சூரத்துஷ் ஷுஅரா ஓது என்கிறார். 'தா ஸீன் மீம்' என்று தொடங்கிய பையன் அதற்கு மேல் போகவில்லை. திரும்பவும் 'தா ஸீன் மீம்'. வாப்பா அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தும் நகரவில்லை. ஹிப்ழ் மத்ரஸாவில் இருந்தவர்களுக்கு அந்த வியர்வை தெரியும்.

அவருடைய நாலு வயதுத் தங்கை ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிய நாட்களில் காய்ச்சலில் மௌத்தானாள். வீட்டில் எல்லோரும் பெருநாள் வேலையில் இருந்தார்கள். பிள்ளை ஒரு மூலையில் கிடந்தது. வைத்தியரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதை அவர் விதி என்று எழுதிவிட்டுப் போகவில்லை. அறியாமைதான் அந்தப் பிள்ளையைக் கொண்டு போனது என்கிற கோபம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. கல்வி என்பது உத்தியோகத்துக்காக மட்டும் அல்ல, அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று அவர் பிற்காலத்தில் விடாப்பிடியாக நின்றதற்கு வேர் அங்கேதான் என்பது என் அபிப்பிராயம்.

1902இல் பதின்மூன்று வயதில் அல்-அஸ்ஹருக்குப் போனார். சேர்வதற்கான பரீட்சையில், பரீட்சித்தவர் 'குருடா, இங்கே வா' என்றுதான் கூப்பிட்டாராம். வீட்டில் அந்தச் சொல்லை அவருக்கு முன் யாரும் பாவித்ததில்லை. கெய்ரோவில் பல நாட்கள் சாப்பாடு, பங்காகக் கிடைத்த பாணும் கரும்புப் பாணியும் மட்டும்தான். பின்னேரங்களில் காக்கா தன் கூட்டாளிகளோடு போய்விடுவார். தம்பி இருட்டு அறையில் தனியே இருப்பான்.

1908இல் கெய்ரோவில் புதிதாகப் பல்கலைக்கழகம் திறந்தபோது அங்கேயும் போய்ச் சேர்ந்தார். 1914இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதலாவது கலாநிதிப் பட்டம் இவருக்குத்தான் கிடைத்தது. ஆய்வு செய்தது அபுல் அலா அல்-மஅர்ரி என்ற இன்னொரு பார்வையற்ற கவிஞரை. அதன் பிறகு பிரான்ஸ். அங்கே இப்னு கல்தூனைப் பற்றி இரண்டாவது கலாநிதி ஆய்வு.

இங்கேதான் தலைப்புக்கு வருகிறேன். இவ்வளவையும் அவர் எப்படிப் படித்தார்? பிரான்சில் பிரெய்ல் கற்றுக்கொண்டார். ஆனாலும் வாழ்நாளில் பெரும்பகுதி யாரோ ஒருவர் வாசிக்க, இவர் கேட்டுத்தான் படித்தார். யாரோ ஒருவர் எழுத, இவர் சொல்லித்தான் நூல்கள் வந்தன. 1915இல் மொன்ட்பெலியே நகரத்தில் அவருக்குப் பிரெஞ்சுப் புத்தகங்களை வாசித்துக் காட்ட வந்தவர்தான் சுஸான். 1917இல் அவரையே திருமணம் முடித்தார். (கொமெண்ட்டில் இதை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம் தம்பிமாரே.) எகிப்துக்குத் திரும்பிய பிறகு செயலாளர்மார் வாசித்தார்கள். அந்த மனிதர் பெற்ற கல்வி முழுவதும் மற்றவர்களுடைய தொண்டையில் இருந்து வந்தது.

சில மௌலவிமார் இந்த இடத்தில் என்னிடம் கேட்பார்கள்: டீச்சர், ஜாஹிலிய்யாக் கவிதை பற்றி 1926இல் அவர் எழுதிய நூல் தெரியாதா? தெரியும். அந்த நூலில் அவர் எழுதிய சில விஷயங்களுக்கு உலமாக்கள் கடும் மறுப்புச் சொன்னார்கள். சட்ட விசாரணை வரை போனது. நூல் திரும்பப் பெறப்பட்டு, திருத்தி வேறு தலைப்பில் வந்தது. அதில் நான் உலமாக்கள் பக்கம்தான். எகிப்தின் கலாசாரம் மத்தியதரைக் கடலோடும் கிரேக்கத்தோடும்தான் உறவு என்று 1938இல் அவர் எழுதியதும் எனக்கு ஒத்துவரவில்லை. ஐரோப்பாக்காரனுடைய மூளைக்கு நம் மூளை குறைந்ததில்லை என்று நிரூபிக்க, நாமும் ஐரோப்பாதான் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் 1938இல் வந்த அதே நூலில், 'எகிப்தில் கலாசாரத்தின் எதிர்காலம்' என்ற அந்த நூலில், பாடசாலை பற்றி அவர் எழுதியிருப்பவற்றை நேற்று எங்கள் வலயக் கூட்டத்தில் பேசியது என்று சொன்னாலும் நம்புவீர்கள். பரீட்சை ஒரு கருவியாக இருக்க வேண்டியது, அதுவே நோக்கமாக மாறிவிட்டது என்கிறார். ஆசிரியருக்கு மரியாதையும் போதிய சம்பளமும் கொடுக்காமல் நல்ல பிள்ளைகளை எதிர்பார்க்க முடியாது என்கிறார். ஏழைகள் படித்தால் வேலையில்லாப் பட்டதாரிகள் கூடிவிடுவார்கள் என்று சொன்னவர்களோடு சண்டை பிடிக்கிறார். தரம் 5 புலமைப்பரிசில் காலத்தில் எங்கள் உம்மாமார் படும் பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் முதலாவது விஷயம் எனக்கு ஞாபகம் வரும். பத்து வயதுப் பிள்ளையின் வெட்டுப்புள்ளிக்காக வீட்டில் மூன்று மாதம் யாரும் சிரிப்பதில்லை.

1950இல் அவர் கல்வி அமைச்சரானார். கல்வி தண்ணீரும் காற்றும் போல, அதை விலைக்கு விற்கக் கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு. எகிப்தில் ஆரம்பப் பாடசாலைக் கட்டணம் 1944இல் நீங்கியது. அப்போது அவர் அமைச்சின் ஆலோசகர். 1950இல் அமைச்சராக இடைநிலைக் கல்வியையும் இலவசமாக்கினார். எங்கள் நாட்டில் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது 1945இல். இரண்டு நாடுகளும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் ஒரே கதவைத் திறந்தன. அதற்கு முன்னும் எங்களுக்கு எகிப்தோடு ஒரு கல்விக் கணக்கு இருக்கிறது. பிரித்தானியர் 1883இல் இங்கே நாடுகடத்திய ஒராபி பாஷா, சித்திலெப்பை போன்றவர்களுக்குத் தோள்கொடுத்து, 1892இல் கொழும்பில் ஸாஹிரா தொடங்க உதவியவர். அவர் 1901இல் ஊர் திரும்பினார். அடுத்த வருடம்தான் தாஹா ஹுஸைன் என்ற பையன் கெய்ரோவுக்கு ரயில் ஏறினான்.

எல்லோரையும் ஒரேயடியாக உள்ளே எடுத்தால் தரம் விழும், மெதுவாகப் போவோம் என்று இஸ்மாயீல் அல்-கப்பானி என்ற கல்வியாளர் அன்றைக்கே எதிர்வாதம் செய்தார். அது முட்டாள்தனமான வாதம் இல்லை. பின்னாளில் எகிப்து வகுப்புகள் நிரம்பி வழிந்தன, தனியார் வகுப்பு வியாபாரம் பெருகியது. ஆனால் வெளியே நிற்கிற பிள்ளையிடம் போய் "கட்டடம் கட்டி முடியும் வரை பொறு" என்று சொல்ல தாஹா ஹுஸைனால் முடியவில்லை. அந்த விஷயத்தில் நான் அவர் பக்கம். இங்கேயும் ரியூசன் அதே போலத்தான் வந்தது. சீருடை இலவசம், பாடநூல் இலவசம், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எல்லாம் காசு.

1940களின் கடைசியில் அவர் ஏழைகளைப் பற்றி எழுதிய கதைகளின் தொகுப்பை, 'மண்ணில் வதைபடுவோர்' என்று தமிழில் சொல்லலாம், எகிப்து அரசு தடுத்தது. லெபனானில் அச்சிட்டார்கள். 1973இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அந்த வருடம் ஒக்டோபர் மாதம் காலமானார். உலகத்தில் இன்றைக்கு ஏறக்குறைய 27 கோடிப் பிள்ளைகள் பாடசாலைக்கு வெளியே என்கிறது யுனெஸ்கோ. காஸாப் பிள்ளைகள் 2023 ஒக்டோபரில் இழந்த வகுப்பறைகளைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, தினமும் பார்க்கிறீர்கள். அவ்வளவு தூரத்துக்கு எங்கள் கை எட்டாது, துஆதான் எட்டும். கை எட்டுகிற தூரத்தில் ஒன்று இருக்கிறது.

எங்கள் ஊரில் பார்வை மிகக் குறைந்த ஒரு பையன் இருக்கிறான். பெயர், வகுப்பு, வீடு எதுவும் எழுதமாட்டேன், கேட்கவும் வேண்டாம். அடுத்த வருடம் சாதாரண தரம். முன்பு ஒரு பாடசாலையில் "எங்களிடம் வசதி இல்லை" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது குடும்பத்தில் பெரியவர்கள் கூடி, படிப்பை நிறுத்திவிட்டு ஹிப்ழுக்கு மட்டும் அனுப்புவோம் என்று பேசுகிறார்கள். ஹாபிழாவது எவ்வளவு பெரிய பாக்கியம். அதை ஒரு சொல்லும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முடிவில் எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பிள்ளையின் காக்காவுக்கு ஏன் யாரும் அதைச் சொல்லவில்லை? கண் தெரியாதவனுக்கு வேறு என்ன முடியும் என்று நினைத்துக் குர்ஆனை அவனுக்குக் கடைசி வழியாகக் கொடுத்தால், அது குர்ஆனுக்கும் மரியாதை இல்லை, அவனுக்கும் மரியாதை இல்லை. தாஹா ஹுஸைனின் ஊரிலும் பார்வையற்ற பையன் என்றால் மையித்து வீடுகளில் ஓதிப் பிழைப்பான் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள்.

அவனுடைய உம்மாவிடம் போய்ப் பேசினேன். மகன் படிக்கக் கூடாது என்று அவருக்கு எண்ணமே இல்லை. "டீச்சர், புத்தகத்த யாரு வாசிச்சுக் குடுக்கிற? எனக்கு எட்டாம் வகுப்பு மட்டும்தான். வாப்பா வெளிநாட்டுல" என்றார். அந்தக் கேள்விக்கு அமைச்சிடமும் வலயத்திடமும் பதில் வரும் வரை காத்திருந்தால் பரீட்சை முடிந்துவிடும். பரீட்சைக்கு எழுதுவினைஞர் வேண்டும் என்று முன்கூட்டியே விண்ணப்பிக்கும் வேலையை நானும் அதிபரும் பார்த்துக்கொள்கிறோம். கிழமைக்குக் கிழமை வாசிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரை வீட்டில் இருக்கும் தம்பி தங்கைமார் எங்கள் ஊரில் எத்தனை பேர்! ஓய்வு பெற்ற சேர்மார், டீச்சர்மார் எத்தனை பேர்! சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தைப் போட்டுச் சந்திக்குச் சந்தி பெனர் கட்டுகிறோம். ஒரு பெனர் காசுக்கு ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி வாங்கலாம். கைத்தொலைபேசியே போதும் என்றால் அதுவும் தேவையில்லை.

ஆறு பேர் கிடைத்தால் போதும். ஒருவருக்கு ஒரு பாடம். தமிழ், வரலாறு, இஸ்லாம், விஞ்ஞானம், புவியியல், சுகாதாரம். பாடநூலை அத்தியாயம் அத்தியாயமாக, அவசரப்படாமல், படத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லி வாசித்துப் பதிவுசெய்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கணிதத்துக்கு மட்டும் நேரில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கிழமைக்கு இரண்டு நாள், அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், பள்ளிவாசல் நூலகத்தில். நிர்வாகத்திடம் கேட்டுவிட்டேன், அறை தருகிறார்கள். பெண்பிள்ளைகள் வீட்டில் இருந்தே பதிவு செய்யலாம்.

வரலாற்றுப் பாடத்தை நான் எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு அத்தியாயம் முடிந்துவிட்டது. மீதி ஐந்து பாடங்களுக்கும் கணிதத்துக்கும் ஆள் வேண்டும். இன்பொக்ஸில் எழுதுங்கள்.