ஆவரங்காலில் ஒரு பழைய பிக்கப்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியிலே கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து செல்வோர், இருமருங்கும் செம்மண் தோட்டங்களையும் வாழைகளையும் கண்டவாறே புத்தூரை அடைவர். அதற்கு அப்பால் ஆவரங்கால். அதனையும் தாண்டினால் தோட்டங்கள் அருகி, வல்லை வெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களிலே அவ்வெளியின் உப்பு காற்றோடு வந்து உதட்டிலே கரிக்கும். நமக்கு அதனால் யாதொரு தீங்குமில்லை. மோட்டார் வண்டிகளின் தகடுகளுக்கோ அஃது எமன்.

இவ்வீதியின் ஓரத்தில், வேப்பமர நிழலிலே, தகரக் கூரையிட்ட பட்டறை ஒன்று உண்டு. பெயர்ப்பலகை கிடையாது. எம்மிடம் முன்னர் பயின்ற இளைஞர் ஒருவர், தம் குடும்பத்துப் பழைய வண்டி அங்கே புத்துயிர் பெறுகிறது, வந்து பாருங்கள் என்று அழைத்தமையால், பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை அங்கு சென்றோம்.

வண்டி, மொறிஸ் மைனர் பிக்கப். நாம் சென்றபோது அதன் பின்பெட்டி கழற்றப்பட்டு, மரத்தடியிலே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. முன்பக்கத்து மட்காட்டுகள் இரண்டும் சுவரிலே சாய்ந்து நின்றன. இயந்திரமும், ஆசனமற்ற முன்னறையும், வெறுஞ் சட்டமுமாக நின்ற அதனைக் கண்டபோது, வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் உறவினரைப் பார்க்கச் சென்றவர்போல் ஆனோம்.

மொறிஸ் மைனரின் வரலாறு சுவையானது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இவ்வண்டி, 1948 ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே மக்கள் முன் வைக்கப்பட்டது. அதற்கு முன், மாதிரி வண்டி அளவுக்கு மிஞ்சி ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றவே, அதனை நடுவாலே நெடுகப் பிளந்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியே பொருத்தம் என்று முடிவு செய்தார். பொனற்றின் நடுவே ஓடுகின்ற தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமாகும். பட்டறைப் பெரியவர் இக்கதையைக் கேள்விப்பட்டவரல்லர். ஆயினும், நாம் அதனைக் கூறுமுன்பே, அவ்விடத்தை விரலாலே தடவி, “இது பிறகு வைச்ச துண்டு மாதிரிக் கிடக்கு, மாஸ்டர்” என்றார்.

பிக்கப் வகை 1953 இல் வெளிவந்தது. காரிலே உடலே சட்டமாகவும் அமைகிறது. பிக்கப்புக்கோ சேசிஸ் என்னும் தனியான அடிச்சட்டம் உண்டு. முன்னறையும் பின்பெட்டியும் அதன்மேல் வெவ்வேறாகப் பூட்டப்பட்டவை. எனவே ஒன்று கறள் பிடித்து மடிந்தாலும் மற்றதை வைத்துக்கொண்டு வண்டியை மீட்டெடுக்க வழியுண்டு. 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி தட்டுப்பட்டு, மோட்டார் வண்டி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின், இருப்பதைப் பேணுவதே இலங்கையருக்கு வழக்கமாயிற்று. வடக்கிலே பின்னர் வந்த போர் அவ்வழக்கத்தைக் கட்டாயமாக்கியது.

எமது இளைஞரின் தந்தையார் புத்தூரிலே தோட்டஞ் செய்தவர். சின்ன வெங்காயத்தைத் திருநெல்வேலிச் சந்தைக்கு ஏற்றுவதற்காக இதனைப் பழைய வண்டியாகவே வாங்கினார். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் பொன்னாயிற்று. அப்போது யாழ்ப்பாணத்து வண்டிகள் எல்லாம் மண்ணெண்ணெயிலே ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அந்தப் புகையின் நாற்றத்தை அறியாத யாழ்ப்பாணத்தவர் அக்காலத்தில் எவருமிலர்.

இக்காலத்து வண்டிகள் செய்யமாட்டாத இவ்வித்தையை அப்பழைய இயந்திரங்கள் செய்தமைக்குக் காரணம் உண்டு. அவற்றின் அழுத்த விகிதம் குறைவு. ஆகையால் மண்ணெண்ணெய் உள்ளே அளவுக்கு மிஞ்சித் தட்டுவதில்லை. அத்துடன், காற்றும் எண்ணெயும் உட்செல்லும் வழியும், எரிந்த புகை வெளியேறும் வழியும் இந்த இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் ஒட்டி அமைந்துள்ளன. புகைவழியின் வார்ப்பிரும்பு சூடேறி, மேலேயுள்ள உள்வழியையும் சூடாக்க, இலகுவில் ஆவியாகாத மண்ணெண்ணெய் ஆவியாகிச் செல்கிறது. இதனை நாம் இங்கே விரித்துக் கூறுவதற்குக் காரணம் பின்னாலே தெரியும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, இவ்வண்டி கிழவிகள் மூவரையும், குழந்தைகளையும், நெல்லு மூட்டை ஒன்றையும் ஏற்றிக்கொண்டு கோப்பாய் - கைதடி வீதியால் தென்மராட்சிக்குப் போயிற்று. மறு ஆண்டு திரும்பி வந்தபோது பின்பெட்டியின் இடப்பக்கத் தகட்டிலே எறிகணைச் சிதறல்கள் இட்ட துளைகள் ஐந்து இருந்தன. தந்தையார் 2011 இல் காலமானார். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பழைய வண்டிகளின் விலை ஏறியபோது பலர் இதனை விலைக்குக் கேட்டு வந்தனர். தாயார் கொடுக்கவில்லை.

இப்போது திருத்தத்துக்குப் பணம் அனுப்புகின்றவர் ரொறன்ரோவில் வாழும் மூத்த மகன். பணத்தோடு அவருடைய விருப்பங்களும் வந்து சேர்ந்தன. வார்ப்பிரும்புப் புகைவழியைக் கழற்றிவிட்டு, மூன்று கிளையாக வளைத்த உருக்குக் குழாய் வைக்க வேண்டும். பின்னால் மினுமினுக்கும் இரட்டைக் குழாய் வரவேண்டும். சத்தம் சற்றுக் கம்பீரமாக இருக்கவேண்டும். அந்த ஐந்து துளைகளையும் அடைக்காமல், வரலாற்றுச் சின்னமாக மேலே வாணிஷ் பூசி விடவேண்டும். இளையவருக்கும் இதில் ஓரளவு சம்மதமே.

பெரியவர் முதலிலே தகட்டு வேலையைத் தொடங்கினார். மட்காட்டிலே விளக்குக்குப் பின்னால், சில்லு எறியும் சேறு போய்த் தங்குகின்ற மூலையில், தகடு அப்பளம்போல் உதிர்ந்தது. கறள் கண்ட இடத்தோடு நில்லாமல், நல்ல தகடு வரும்வரை வெட்டினார். “கறளுக்கு மேலை ஒட்டினால், அது ஒட்டையும் சேர்த்துத் தின்னும்” என்றார். அளவுக்கு ஒரு கடதாசி வெட்டி, அதைப் பார்த்துப் புதுத் தகட்டை வெட்டி, மணல் நிரப்பிய தோற்பையின்மேல் வைத்து மரச் சுத்தியலாலே தட்டிக் குழிவு கொடுத்தார். பின்னர் விளிம்போடு விளிம்பாகப் பொருத்தி, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி ஒட்டுகள் இட்டார். ஒரே முகமாக ஒட்டிக்கொண்டு சென்றால் சூட்டிலே தகடு நெளிந்துவிடும். அப்படியும் ஓரிடம் உப்பி நின்றது. அவ்விடத்திலே ஒரு நாணயத்தளவு வட்டத்தைச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிவரத் தட்டி, ஈரத்துணியை வைத்தார். உப்பல் சுருங்கி அடங்கிற்று. மேடு பள்ளத்தைக் கண்ணாலே பார்ப்பதிலும், மெல்லிய துணியொன்றை இட்டு உள்ளங்கையால் தடவியே அறிந்தார். எம்மையும் தடவச் சொன்னார். எமக்கு எல்லாம் சமமாகவே பட்டது. அவரோ மூன்று இடங்களிலே சோக்குக் கட்டியால் வட்டமிட்டார்.

தடை நிலவிய ஆண்டுகளிலே இரும்புத் தகடும் வடக்கே வருவதற்கில்லை. எண்ணெய்ப் பீப்பாக்களை வெட்டி விரித்தே வண்டிகளை ஒட்டியதாகக் கூறினார். பீப்பாத் தகடு சற்றுத் தடிப்பானது. வளைப்பது சிரமம், உழைப்பது அதிகம். அதே 1990களிலே இலங்கையின் தென்பகுதியில் மொறிஸ் மைனருக்குரிய உடற்தகடுகளைச் செய்து இங்கிலாந்தின் பாத் நகருக்கு ஏற்றுமதி செய்தனர் என்று நாம் கூறியபோது, பெரியவர் சிறிது நேரம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

துளைகளின் வழக்கு நண்பகலிலே தீர்ந்தது. தேநீர்ப் போத்தலோடு வந்த தாயார், மக்களின் எண்ணத்தை அன்றுதான் முழுமையாகக் கேட்டறிந்தார்போலும்.

“அந்த ஓட்டையளாலை மழைத்தண்ணி வந்து அடிச்சாக்கு வெங்காயம் அழுகிறது உங்களுக்கென்ன தெரியும்? அப்பா சாக்குத் துணியாலை அடைச்சு அடைச்சு ஓடினவர். நீங்கள் ஒட்டுங்கோ, அண்ணை” என்று பெரியவரை நோக்கிக் கூறினார்.

எவரும் மறுத்துப் பேசவில்லை. இளைஞர் கைத்தொலைபேசியாலே ஐந்து துளைகளையும் படம் பிடித்துத் தமையனுக்கு அனுப்பினார். எமது எண்ணமும் தாயாரின் பக்கமே. சின்னமாக்கிவிட்டால் வண்டி கொட்டிலிலே நிற்கும். நிற்கும் வண்டியை வல்லைக் காற்று விரைவிலே தின்றுவிடும். பெரியவர் துளைகளின் கிழிந்த ஓரங்களை வட்டமாக வெட்டியெடுத்து, ஐந்து சிறு தகட்டு வில்லைகளை ஒட்டினார். வெளிப்பக்கத்தை அராவிச் சமமாக்கினார். உட்பக்கத்து ஒட்டுகளை அவர் தொடவில்லை. சாக்கு உரசுகிற இடத்துக்கு அழகு எதற்கு என்பது அவர் வாதம். பின்பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பவருக்கு ஐந்து வளையங்களும் இன்றும் தெரியும்.

புகைக்குழாய் விடயத்திலே பெரியவரே வழக்காளியானார். இந்த இயந்திரத்திலே நான்கு உருளைகளுக்குப் புகை வாயில்கள் மூன்றே. நடுவிலுள்ள இரண்டு உருளைகளும் ஒரே வாயிலால் புகையை விடுகின்றன. மூன்று கிளைக் குழாய் வைத்தால் ஒன்றன் புகை மற்றதன் புகையைத் தடுக்காது. சற்று இழுவையும் கூடும். அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் உள்வழிக்குச் சூடு கொடுக்கும் அந்த வார்ப்பிரும்பைக் கழற்ற அவர் இணங்கவில்லை.

“மண்ணெண்ணெயிலை ஓடினது இதாலைதான். 2022 இலை பெற்றோல் வரிசையிலை நிண்டது மறந்துபோச்சே, தம்பி? நாளைக்கு என்ன வரும் எண்டு ஆருக்குத் தெரியும்?”

இளைஞர் எம்மைப் பார்த்தார். நாம் வேப்பமரத்தைப் பார்த்தோம்.

வார்ப்பிரும்பு அப்படியே இருக்க, அதன்கீழ் வருவதெல்லாம் புதிதாகக் கையாலே செய்வதென்று முடிவாயிற்று. தமையன் கேட்ட பருத்த குழாயும் வேண்டாம் என்றார் பெரியவர். குழாய் பருத்தால் புகையின் வேகம் தணிந்து, சிறிய இயந்திரத்தின் ஆரம்ப இழுவை குறையும். ஒடுங்கினால் மூச்சு முட்டும். ஒன்றரை அங்குலம் போதும்.

குழாயை வளைக்கும் யந்திரம் அப்பட்டறையில் இல்லை. நேர்க்குழாயின் ஒரு முனையை மரக்கட்டையால் அடைத்து, அரித்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, மறுமுனையையும் அடைத்தார். மணல் இன்றி வளைத்தால் குழாய் மடிப்பிலே நசிந்துபோகும். அம்மணலை அவர் முன்னரே கழுவி உப்பை நீக்கி, இரும்புத் தாச்சியிலே வறுத்து வைத்திருந்தார். ஒரு துளி ஈரம் இருந்தாலும் காய்ச்சும்போது நீராவியாகி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டுபோல் எறிந்துவிடுமாம். காய்ச்சிய இடம் செம்மை கொண்டதும், இரண்டு பையன்கள் முனையைப் பிடித்து மெதுவாக அழுத்த, அவர் தரையிலே கரியால் வரைந்திருந்த வளைகோட்டின்மேல் குழாய் வந்து படிந்தது. பின் அச்சுக்கு மேலாக ஏறி இறங்கும் அவ்வளைவைச் செய்து முடிக்க முழு மாலையும் சென்றது.

சைலன்சரையும் அவரே செய்தார். துளையிட்ட உட்குழாய், அதனைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, மேலே தகட்டு உருளை. அதன் தாழ்ந்த மூலையிலே குண்டூசி நுழையுமளவு ஒரு துளை இட்டார். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது என்பதைப் பலர் அறியார். நெடுந்தூரம் ஓடினால் அது ஆவியாகப் போய்விடும். சந்தைக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் ஓடும் வண்டியிலோ சைலன்சருக்குள் தங்கி, உள்ளிருந்தே கறளைப் பிடிப்பிக்கும். குழாயைத் தொங்கவிடுவதற்குப் பழைய ரயரின் பக்கத்தோலை வெட்டிப் பாவித்தார். இரும்பாலே இறுக்கினால் இயந்திரம் ஆடும் ஆட்டத்தில் குழாய் வெடித்துவிடும். பின்முனை ஒன்றுதான். தமையனின் மனம் நோகாதிருக்க, அதனை மட்டும் மினுக்கிக் கொடுத்தார்.

ஐந்து வாரம் கழித்து மீண்டும் சென்றோம். வண்டி வெளிர் சாம்பல் நிறத்திலே, முழு உடலோடு நின்றது. இளைஞர் சாவியைத் திருகினார். இரண்டாம் முறையிலே இயந்திரம் பிடித்துக்கொண்டது. மொறிஸ் மைனரின் குரலை அறிந்தவர்கள் அறிவார்கள். அஃது உறுமல் அன்று, வெற்றிலை போட்ட பெரியவர் ஒருவர் கதை சொல்வதுபோன்ற ஓர் ஒலி. ரொறன்ரோவுக்குக் கைத்தொலைபேசி வழியாக அதனைக் கேட்பித்தனர். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், “அப்பா வாற சத்தம்” என்று மட்டும் கேட்டது.

பெரியவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் நிலத்திலே படுத்து, சூடேறிய குழாயின் இணைப்புகளுக்கு அருகே காதை வைத்துச் சீழ்க்கை ஏதும் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் மெல்லக் கேட்டது. நிறுத்தச் சொல்லி, அந்த நட்டைக் காற்சுற்று இறுக்கினார். மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குத் திருநெல்வேலிச் சந்தைக்கு ஐந்து அந்தர் வெங்காயம் ஏற்றுவதாக ஏற்பாடு. “அஞ்சும் ஏத்தலாம். ஆனால் ஒரு நூறு கட்டை ஓடினாப்போலை கொண்டுவா தம்பி, எல்லா நட்டையும் இன்னொருக்கா இறுக்கவேணும்” என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்து, வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அடுத்ததாக மரத்தடியில் நின்ற ஒஸ்ரின் வண்டியின் பொனற்றைத் திறந்தார்.