நாற்பதாம் நிமிடம்



சென்ற மார்கழியில் நம் ஆலயத்தில் நடந்த ஓர் அடக்கத் திருப்பலியின் நேரலை, இறுதிச் செபத்துக்குச் சற்று முன்னர் உறைந்துபோனதை உங்களிற் பலர் அறிவீர்கள். விசா கிடைக்காத தாயொருவர் யாழ்ப்பாணத்தில் இரவு ஒன்பதரை மணிக்குத் தம் மகனின் பேழையைக் கைத்தொலைபேசியிற் பார்த்துக்கொண்டிருந்தார்.

இணைய இணைப்பையே நான் குறை கூறினேன். அது பிழை. திரையின் கீழே பாடல் வரிகளைக் காட்டும் நிரலில்தான் கோளாறு. அதை எழுதியவர் நம் பங்கு இளைஞர் ஒருவர்.

நிரல் நினைவகத்தை இரவல் வாங்குகிறது; வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிடின் அதுவே நினைவகக் கசிவு. ஐந்து நிமிடச் சோதனையில் அகப்படாது. நாற்பதாம் நிமிடத்திற் கணினி திணறும்.

"ஒவ்வொரு முறையும் தொடங்க முன்னர் அணைத்துப் போட்டால் என்ன?" என்றேன்.

"செத்தவீடு நேரத்துக்கு முடியுமோ, பாதர்?" என்றார்.

வியாழன் மாலை, வெறுமையான ஆலயத்தில் இருவரும் அமர்ந்தோம். பாடற் பக்கங்களை 100 தடவை புரட்டி, முன்னும் பின்னும் நினைவகத்தைப் பதிவுசெய்து ஒப்பிட்டார். ஒரு பக்கம் இருக்கவேண்டிய இடத்தில் நூறும் இருந்தன. பட்டியலிலிருந்து அவற்றை நீக்கித்தான் இருந்தார். ஆனால் ஒவ்வொரு பக்கமும் மூலையில் நேரத்தைக் காட்டவென்று நிரலின் கடிகாரத்திடம் தன்னைப் பதிந்திருந்தது. போகும்போது பதிவை நீக்கவில்லை. எவரேனும் பிடித்திருக்கும் பொருளைக் கணினி குப்பையெனக் கருதாது. கடிகாரம் பிடித்திருந்தது.

பெரிய இடங்களிலும் இதுவே நடந்திருக்கிறது. 2005 ஒக்ரோபர் 8 அன்று, அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில், ஓட்டுநரற்ற வாகனங்களுக்கான 212 கிலோமீற்றர் போட்டியிற் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவரின் வாகனம் சுமார் 15 கிலோமீற்றரில் நின்றுவிட்டது. கடந்துவந்த தடைகளைப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார்கள். நிரலின் வேறொரு மூலை அவற்றை விடவில்லை. நிரலை வரிவரியாய் வாசித்தும் அகப்படாத காரணம் போட்டிக்குப் பின்னரே தெரிந்தது. இதைச் சொன்னபோதுதான் நம் இளைஞரின் முகம் சற்றுத் தெளிந்தது. அந்த அடக்கத்திற்குப் பின் அவர் பூசைக்கு வராதிருந்தார் என்பதை நான் அன்றுதான் கவனித்தேன்.

திருத்தம் ஒரே வரி. மூன்று மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்தோம், நினைவகம் ஏறவில்லை.

ஆனால் அன்றைய பதிவும் பாதியோடு அழிந்திருந்தது. மறுநாள் அந்தத் தாய்க்கு அழைப்பெடுத்தேன்.

"கடைசியா என்ன செபம் சொன்னீங்கள், பாதர்?" என்று கேட்டார். நூலைத் திறந்து முதல் வரியிலிருந்து வாசித்தேன்.