ஓலைத் தட்டிக்குப் பின்னால்

"சத்தம் போடாதீங்கப்பா. உள்ள நிக்கிறதுக்குக் காது இல்லையா?" என்று பெரியவர் அதட்டிய பிறகுதான் கூட்டம் அடங்கியது.

பாளையம்பட்டிக்கு வெளியே, சீமைக்கருவேலை ஒட்டிய கரிசல் காட்டுக் கிணறு அது. கமலை போய் மோட்டார் வந்து, பிறகு மோட்டாரும் போய்விட்டது. சுற்றுச்சுவர் கிடையாது. ஆடி மாதம் என்பதால் அடியில் முழங்கால் தண்ணீர்தான். அதில் ஒரு புள்ளிமான், நிமிர்ந்து எங்களைப் பார்ப்பதும் சுவரில் மோதுவதுமாக நின்றது.

தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறங்கத் தயாரானார்கள். பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "மொதல்ல கண்ணக் கட்டுங்க. கயிறு பெறகு." கண்ணைக் கட்டியதும் அதுவரை உதறிக்கொண்டிருந்த உடம்பு அப்படியே அடங்கியது. கால்களைத் துணியால் தளரக் கட்டி, வலையில் வைத்துத் தூக்கினார்கள். மேலே வந்ததும் ஒருவர் அதைச் சாய்த்துப் படுக்கவைக்கப் போனார். பெரியவர் விடவில்லை. அசைபோடும் பிராணியைச் சாய்த்துப் போட்டால் வயிறு உப்பி மூச்சடைத்துவிடும். நெஞ்சு தரையில் பதிய, தலை மேலே இருக்க உட்காரவைத்தார்கள். கல்லூரிப் பையன் ஒருவன் செல்போனை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அவன் முன்னால் போய் நின்றுகொண்டார்.

அவர் இளவயதில் காடைக்கும் முயலுக்கும் கண்ணி வைத்தவர். அதை மறைப்பதும் இல்லை, பெருமை பேசுவதும் இல்லை. எந்தப் பிராணி எதைக் கண்டு மிரளும், எப்போது துவளும் என்பதெல்லாம் அந்தக் கண்ணி கற்றுக்கொடுத்ததுதான். நம் மாநிலத்தில் இதற்குப் பெரிய உதாரணம் இருளர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்று அவர்கள் பிழைப்பு போனது. 1978-ல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தோலுக்காகப் பிடித்த அதே கைகள் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்துவிட்டுக் காட்டிலேயே விட ஆரம்பித்தன. விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம்தான் மூலப்பொருள்.

மானை வனக்காவலர் வந்து வண்டியில் ஏற்றிப் போனார். மூன்றாம் நாள் அது செத்துப்போன தகவல் வந்தது. பெரிய காயம் எதுவும் இல்லை. எனக்கு நம்ப முடியவில்லை. கால்நடை மருத்துவர் ஒருவர் விளக்கினார். மிரண்டு ஓடி, திமிறி, மறுபடி திமிறும்போது தசைநார்கள் சிதைந்துபோகுமாம். அந்தக் கசடு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். உயிர் அன்றே போகலாம், ஒரு வாரம் கழித்தும் போகலாம். கிணற்றைச் சுற்றி நின்று கத்திய எங்கள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. பெரியவர் எதற்கு அதட்டினார் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் வீட்டுக்குப் போனேன். காப்பகம், மையம் என்று எந்தப் பலகையும் இல்லை. ஓட்டு வீடு. பின்னால் வேலி அடைத்த தோட்டம், தோட்டத்துக்குள் வலைக்கூண்டு, கூண்டின் ஒரு பக்கம் முழுக்க ஓலைத் தட்டி. வீட்டம்மாவை ஊரே பெரியம்மா என்கிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"உள்ள என்ன இருக்கு பெரியம்மா?"

"மெல்லப் பேசுய்யா. மூணு மயில்குஞ்சு. நாலா வந்துச்சு."

தாய் மயில் குருணை மருந்து கலந்த தானியத்தைத் தின்றுவிட்டு வரப்பில் கிடந்திருக்கிறது. நேரத்தோடு பார்த்திருந்தால் மருத்துவர் அட்ரோபின் போட்டுக் காப்பாற்றியிருக்கலாம். பார்த்தபோது விறைத்துவிட்டது. குஞ்சுகளை என்ன செய்வது என்று தெரியாமல் தகவல் சொல்ல, வனத்துறைக்குத் தெரிந்தே இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. 1963-ல் மயிலைத் தேசியப் பறவை ஆக்கினோம். சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் மயிலும் இருக்கிறது. ஆனால் நிலக்கடலை விதைத்த மறுநாள் காலையில் சால் பிடித்தபடியே பத்து மயில் கிளறிக்கொண்டு போவதைப் பார்த்தவனிடம் அட்டவணையைக் காட்டிப் பேச முடியாது. விஷம் வைத்தது சரி என்று சொல்லவில்லை. விதைக்கு வாங்கிய கடன் யார் தலையில் என்றும் கேட்டாக வேண்டும்.

பெரியம்மாவின் காலை, பானையில் தொடங்குகிறது. பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, கொஞ்சம் ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, முந்தின நாள் சாயங்காலமே மண்ணில் கவிழ்த்து வைத்துவிடுகிறார். விடிந்ததும் தூக்கிப் பார்த்தால் சாக்கு முழுக்க வெள்ளை வெளேரென்று கரையான். கோழிக்குஞ்சுக்கு நம் வீடுகளில் செய்துவந்த வேலைதான். அதை முறத்தில் தட்டி, ஓலைத் தட்டியின் அடியில் உள்ள சந்து வழியாக உள்ளே தள்ளினார். ஒரு குச்சியால் தரையைத் தட்டினார். மூன்று குஞ்சுகளும் ஓடிவந்தன. குச்சியின் நுனிதான் அவற்றுக்குத் தாயின் அலகு. பெரியம்மா முகத்தை அவை பார்த்ததில்லை.

"பேர் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"எதுக்கு? கூப்பிட்டா வரணுமா?"

அமெரிக்காவின் விஸ்கான்சினில் அழியும் நிலைக்குப் போன பெருங்கொக்குகளின் குஞ்சுகளை இப்படித்தான் வளர்க்கிறார்கள். ஆள் தெரியாதபடி வெள்ளை அங்கியும் முகமூடியும் போட்டு, கையில் கொக்குத்தலைப் பொம்மையை மாட்டிக்கொண்டு தீனி ஊட்டுவார்கள், வாய் திறக்கமாட்டார்கள். இதைச் சொன்னபோது பெரியம்மா ரொம்ப நேரம் சிரித்தார். "அங்கிட்டு ஓலை கெடைக்காது போல."

முதுமலைத் தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த ரகுவைப் பற்றியும் சொன்னேன். 2017-ல் தாயில்லாமல் வந்த யானைக்கன்று. அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கியது. ரகு காட்டுக்குத் திரும்பவில்லை, முகாம் யானை ஆகிவிட்டான். மனிதக் கை பட்டு வளர்ந்த கன்றைக் கூட்டம் சேர்ப்பது அபூர்வம். பெரியவர் குறுக்கிட்டார். பக்கத்துத் திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணர், திருவண்ணாமலையில் பசு லட்சுமிக்கும் வள்ளி என்ற மானுக்கும் சமாதியே வைத்திருக்கிறாரே, அவர் பேர் சொல்லிக் கூப்பிடவில்லையா என்றார்.

"அவரு சாமி," என்றார் பெரியம்மா. "இருந்த எடத்த விட்டு நகரல. நான் நாளைக்கே போய்ச் சேந்துட்டா இதுக யாரு வீட்டு வாசல்ல போய் நிக்கும்? அவன் கையில என்ன வச்சிருப்பானோ."

மகன் பகலில் விசைத்தறி ஓட்டுகிறான், ராத்திரி பாம்பு அழைப்பு வந்தால் பைக்கில் கிளம்புகிறான். பிளாஸ்டிக் குழாயின் வாயில் துணிப்பையைக் கட்டி, மறுவாயைப் பாம்பின் பக்கம் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பான். இருட்டுப் பொந்து என்று நினைத்து அது தானாகவே உள்ளே போய்விடும். வாலைப் பிடித்துத் தூக்குவதோ படமெடுக்க வைப்பதோ கிடையாது. "அதெல்லாம் யூடியூபுக்குண்ணே." பை, தறியில் மிஞ்சிய பருத்தித் துணியில் தைத்தது. தையல் வெளிப்புறம் இருக்க வேண்டும், உள்ளே நூல் பிசிறு இருந்தால் பல்லில் மாட்டும். பிடித்த பாம்பை ரொம்ப தூரம் கொண்டுபோய் விடக் கூடாது என்பதும் அவன் பாடம். பழகாத இடத்தில் பொந்தும் தெரியாது, இரையும் தெரியாது, அலைந்தே சாகும். இதை வீட்டுக்காரர்களுக்குப் புரியவைப்பதுதான் பாம்பு பிடிப்பதைவிடக் கஷ்டம் என்றான். பத்து மைல் தள்ளி விட்டதாகச் சொன்னால்தான் அவர்களுக்குத் தூக்கம் வருமாம். சில சமயம் பொய் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டான்.

தை பிறந்து மறுபடி போனேன். மழை பெய்து கண்மாயில் தண்ணீர் கிடந்தது. குஞ்சுகள் கோழியைவிட உயரமாகிவிட்டன. ஒன்றின் கழுத்தில் நீலம் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு வாரமாகவே கூண்டின் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். பகலில் வெளியே மேய்ந்துவிட்டு, ராத்திரி வேம்பில் அடைந்தனவாம். அன்று காலை வனக்காவலர் முன்னிலையில் கண்மாய்க்கரைக்கு ஓட்டிப் போனோம். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டு குஞ்சுகள் கருவேலுக்குள் போய்விட்டன.

மூன்றாவது கொஞ்ச தூரம் போய் நின்றது. திரும்பிப் பார்த்தது. எங்கள் பக்கமாக நாலு எட்டு வைத்தது. பெரியம்மாவின் கையில் அந்தக் குச்சி இல்லை, வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார். குஞ்சு இன்னும் இரண்டு எட்டு கிட்டே வந்தது.

பெரியம்மா குனிந்து ஒரு கரிசல் கட்டியை எடுத்து அதன் மேல் எறிந்தார். கட்டி முன்னால் விழுந்து சிதறியது. இரண்டாவதை இன்னும் பலமாக, "போ சனியனே" என்று கத்திக்கொண்டே எறிந்தார். ஆறு மாதத்தில் அது கேட்ட அவர் குரல் அதுதான். சிறகடித்துக் கருவேலுக்கு மேலே எழும்பி அந்தப் பக்கம் இறங்கியது.

திரும்பும்போது யாரும் பேசவில்லை. வீட்டில் பானை கவிழ்த்தபடியே இருந்தது. முந்தின நாள் சாயங்காலமும் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்.

பெரியவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கரையானைக் கோழிக்குத் தட்டினார்.