குறையை நாடும் முறை

ஒரு கருவி நாம் விரும்பியவாறு இயங்காவிடின், "அது பழுதாகிவிட்டது, புதியது வாங்குங்கள்" என்று சொல்லிவிடுதல் எளிது. அச்சொல்லுக்கு விலை கொடுப்பவர் சொன்னவர் அல்லர், கேட்டவரே. கணினி வீடுதோறும் புகுந்துள்ள இக்காலத்தில் இவ்வுண்மை முன்னிலும் பெரிதாகத் தோன்றுகின்றது.

உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயிலும் நம் மாணாக்கன் ஒருவன், வட்ட இயக்கம், உராய்வு முதலியவற்றைக் கார்ப் பந்தய விளையாட்டொன்றின் காட்சிகளைக் கொண்டு கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்கி வந்தான். ஓ.பி.எஸ் என்னும் இலவச மென்பொருளால் அவற்றைப் பதிவுசெய்தான், நேரலையாகவும் அனுப்பினான். ஒருநாள் பதிவு தொடங்க மறுத்தது. கிராபிக்ஸ் காட் கெட்டுவிட்டதென்றார் கடைக்காரர். புதியதன் விலையைக் கேட்ட தாயார் தம் காப்புகளை அடகு வைக்கத் துணிந்துவிட்டார். ஒரு மாலைப்பொழுது பொறுக்குமாறு நாம் கேட்டுக்கொண்டோம்.

அந்தக் காட் செய்யும் வேலை யாது? திரையில் அகலத்திற்கு 1920, உயரத்திற்கு 1080 ஆக 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றின் நிறத்தையும் 3 பைட்டுகளில் எழுதி, செக்கனுக்கு 30 படம் அனுப்ப வேண்டுமாயின், செக்கனொன்றுக்கு ஏறத்தாழ 1,500 மெகாபிட் தேவைப்படும். மாணாக்கன் நேரலைக்கு ஒதுக்கியிருந்ததோ 5 மெகாபிட். முந்நூறில் ஒரு பங்காகச் சுருக்கினாலன்றிப் படம் வெளியே செல்லாது. அடுத்தடுத்த படங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருத்தலின், மாறிய பகுதிகளை மாத்திரம் எழுதிச் சுருக்குகின்றனர். 2003 இல் வெளியான எச்.264 என்னும் நியமம் இதற்கு இன்றும் பெரிதும் பயன்படுகின்றது. கணினியின் பிரதான மூளையே இவ்வேலையையும் சுமந்தாற் களைத்துவிடும். ஆதலின் இன்டெல் நிறுவனம் 2011 இலும், என்விடியா நிறுவனம் 2012 இலும் இதற்கெனத் தனிச் சுற்றொன்றைத் தம் சில்லுகளுள் அமைத்தன.

அத்தனிச் சுற்று தொடங்க மறுத்தால், காட் இறந்துவிட்டதென்பது பொருளன்று. சில மலிவான காட்டுகளில் அச்சுற்றே இல்லை, ஜீபோர்ஸ் ஜி.டி 1030 அத்தகையது. ஒரே வேளையில் எத்தனை வீடியோக்களைச் சுருக்கலாம் என்பதற்கும் வரம்புண்டு. வேறொரு மென்பொருள் மறைவாகப் பதிவுசெய்து கொண்டிருப்பின் அவ்வரம்பு நிரம்பிவிடலாம். மூன்றாவது காரணமே நம் மாணாக்கனைப் பீடித்தது. ஓ.பி.எஸ்ஸைப் புதுப்பித்தவன், காட்டை இயக்கும் டிரைவரைப் பல ஆண்டுகளாகத் தொடவில்லை. புதிய மென்பொருள் கேட்டதைப் பழைய டிரைவர் அறியாது. நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இலவசமாகப் பெற்று நிறுவியதும் பதிவு தொடங்கிற்று.

எனினும் படம் தத்தித் தத்தி ஓடியது. ஈண்டுதான் பலரும் மயங்குவர். படங்கள் தவறுதல் மூவிடங்களில் நிகழக்கூடும்: காட்சியை ஒன்றுசேர்க்கும்போது, சுருக்கும்போது, இணையவழி அனுப்பும்போது. கண்ணுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றேபோலத் தோன்றும், ஆனால் ஓ.பி.எஸ்ஸின் புள்ளிவிபரப் பலகை மூன்றையும் தனித்தனியே எண்ணிக் காட்டுகின்றது. அவனுடைய தவறுகள் யாவும் முதலிடத்திலேயே நிகழ்ந்திருந்தன. சுருக்கும் சுற்று தனியாயினும், கமராப் படம், எழுத்து, விளையாட்டு ஆகியவற்றை ஒரே காட்சியாகச் சேர்க்கும் வேலை காட்டின் பொதுப்பகுதிக்கே உரியது. விளையாட்டோ வரம்பின்றி வரைந்து அப்பகுதி முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்தது. செக்கனுக்கு 60 படம் என அதற்கு எல்லை வகுத்ததும் காட்சி சீராயிற்று. காப்புகள் தாயாரின் கையிலேயே நின்றன.

தவறு இரண்டாமிடத்திலாயின், சுருக்கும் முறையை விரைவானதாக மாற்றுக; அன்றேற் படத்தின் அளவைக் குறைக்க. மூன்றாமிடத்திலாயின், அனுப்பும் வேகத்தைத் தாழ்த்துக; வைபையை விடுத்துக் கம்பியால் இணைக்க. இணையவழி நெருக்கத்தை எவ்வளவு விலையுயர்ந்த காட்டாலும் தீர்க்க முடியாது.

கடைக்காரரை நாம் நோகவில்லை. அவர் கண்ணாற் கண்டதைச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாததை எண்ணாற் காண்பதற்கன்றோ கல்வி? மாணவர்கள் ஒருவேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றுக. ஒரு நிமிடம் பதிவுசெய்க. தவறியவற்றின் கணக்கை வாசிக்க. பின்னரே அடுத்ததைத் தொடுக. ஆய்வுகூடத்திற் பயிலும் இவ்வொழுங்கு வீட்டு மேசையிலும் கைவருமாயின், பெற்றோரின் பணம் மிஞ்சும். பிள்ளையின் அறிவும் வளரும்.